நெருங்கியவர் இல்லையென்றால் நிம்மதியும் இல்லையா?

கேள்வி: 1938இல் தொடங்கிய ஹார்வர்டு ஆய்வு, நல்ல உறவுகள்தான் மகிழ்ச்சிக்கும் உடல்நலத்துக்கும் அடிப்படை என்கிறது. துணை என்று யாரும் இல்லாதவர்கள் என்ன செய்வது?

அண்மையில் தனியானவர் போலிருக்கிறது நீங்கள். அக்கறையுள்ள யாரோ அந்த ஆய்வைப் பற்றிய காணொளியை உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். எனக்கு விவாகரத்தான கையோடு பெரியம்மா அனுப்பினார்.

ஆய்வைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் முதலில் பின்தொடரப்பட்டவர்கள் 268 ஹார்வர்டு மாணவர்களும் பாஸ்டன் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 456 பையன்களும்தான். மனைவிமார் பிற்பாடுதான் சேர்க்கப்பட்டார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறேன் என்பார்.

எனக்குச் சொந்தபந்தம் குறைவில்லை. அதுதான் அப்போது பாரமாக இருந்தது. வருகிறவர்களெல்லாம் “என்னதான்மா நடந்துச்சு?” என்று தொடங்கி, “கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்” என்று முடிப்பார்கள். அவர்கள் போன பிறகு படுத்துக்கொள்வேன்.

என்னைத் தூக்கி நிறுத்தியது ஃபெர்ரி. மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்திலிருந்து கடலைத் தாண்டித் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்கு அதில்தான் வேலைக்குப் போகிறேன். தினமும் அதே முகங்கள். மருத்துவமனையில் வேலை செய்யும் மலாய்க்கார அக்கா, லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் அண்ணன், எப்போதும் சீன நாளிதழோடு வரும் ஒரு அங்கிள். மழை, டுரியான் விலை, பாலத்து டிராஃபிக் ஜாம், இவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் விடுப்பு எடுத்தால் மறுநாள் அக்கா “நேற்றுக் காணோமே?” என்பார். காரணம் கேட்கமாட்டார். இறங்கியதும் கோப்பிக் கடை. கடைக்காரத் தவுக்கே என் தலையைப் பார்த்ததுமே, பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங் கலக்க ஆரம்பித்துவிடுவார். என் கதை தெரியாத ஆட்கள் நாலு பேர் இருந்ததே பெரிய நிம்மதி.

இதெல்லாம் சும்மா மனப்பிரமை என்பவர்களுக்கு: ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காப்பி விற்பவரிடம் சிரித்துப் பேசி வாங்கியவர்கள், வாங்கியதும் நகர்ந்தவர்களைவிட உற்சாகமாக இருந்தார்கள். அதே ஆண்டு நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ ரயில் பயணிகளை வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசினால் பயணம் கெடும் என்றுதான் மக்கள் நினைத்தார்கள். பேசியவர்களுக்குப் பயணம் இனிமையாகவே இருந்தது.

எனக்குப் பிடித்தது ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவின் 2010ஆம் ஆண்டுத் தொகுப்பு. 148 ஆய்வுகள், 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு அதிகம். இதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அதே கட்டுரையில், ஒருவர் தனியாக வசிக்கிறாரா இல்லையா என்பது மட்டும் மிக பலவீனமான அளவுகோல். பலவகைத் தொடர்புகளைச் சேர்த்துப் பார்த்த அளவுகோலே வலுவானது. அதைப் படித்ததும் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

நெருக்கமே வேண்டாம் என்கிறாயா என்று யாராவது கருத்துப் போடுவீர்கள். இல்லை. நள்ளிரவில் அழுதால் ஃபெர்ரி அக்காவையா அழைப்பேன்? அதற்கு என் தங்கை இருக்கிறாள். பெண்கள் கண்டவரிடமும் பேச வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஒரே நேரம், ஒரே கடை, ஒரே முகங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு தானாக வரும்.

தனியாக வாழ்வதைவிடத் தனியாக வாழ வீடு தேடுவதுதான் கொடுமை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏஜெண்டுக்கு அழைத்தால் குரல் தேன். பெயரைச் சொன்னதும் “ஓனர் இந்தியருக்குக் கொடுக்கமாட்டார்.” அடுத்தது நம்மவர் வீடு, அவருக்குக் கணவர் இல்லாத பெண் ஆகாது. யாரிடம் போய்ப் புகார் செய்வது? கடைசியில் பூக்கடை அண்ணன்தான் தன் மச்சான் வீட்டு மாடியைப் பேசி முடித்துக் கொடுத்தார். இரண்டு மாத டெப்பாசிட். எவ்வளவோ கெஞ்சியும் மச்சான் ஒரு வெள்ளி குறைக்கவில்லை.