பனங்கட்டி போட்ட பீர் எந்த வகை?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகன் வீட்டில் பீர் காய்ச்சுகிறான். நான் அனுப்பிய பனங்கட்டியையும் போட்டிருக்கிறான். போட்டிப் படிவத்தில் வகை எழுத வேண்டுமாம். கறுப்பாக இருப்பதால் ஸ்டவுட் என்று போடலாமா? – வாசகர், செங்கலடி

பதில்: நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் ஐயா. பனங்கட்டியும் நிறத்தைக் கூட்டிவிடும். ஸ்டவுட் என்றால் வறுத்த வாற்கோதுமையின் கோப்பிக் கசப்பு நாக்கில் நிற்க வேண்டும். மகன் என்ன நினைத்துக் காய்ச்சினார் என்பது நடுவருக்குத் தெரியாது. கிளாஸில் இருப்பதைத்தான் குடித்துப் பார்ப்பார்.

அங்கே போட்டிகளில் பெரும்பாலும் பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பான பி.ஜே.சி.பி.யின் 2021 வகைப் பட்டியல்தான். 34 பெரும்பிரிவுகள் இருந்தும் பனங்கட்டிக்கென்று ஒன்றில்லை. '31பி, மாற்றுச் சர்க்கரை பீர்' என்பதற்குள்தான் நுழைய வேண்டும். அதிலும் பனங்கட்டி வாசம் தெரிந்தால் மட்டுமே. நொதிக்கும்போது இனிப்பு போய்விடும், வாசம்தான் மிஞ்சும். விஷயம் தெரியாத ஒருவரிடம் குடிக்கக் கொடுக்கட்டும். அவராகவே கருப்பட்டி மாதிரி ஏதாவது சொன்னால் 31பி. என்ன சர்க்கரை, அடிப்படை பீர் எது (பனங்கட்டி போடாவிட்டால் எந்த வகையோ அது) என்பதையும் எழுத வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் அடிப்படை வகையிலேயே போடட்டும்.

ஒரு விதிவிலக்கு. நீங்கள் அனுப்பியது சுக்கோ ஏலக்காயோ சேர்த்த பனங்கட்டியா? அந்த வாசமும் பீரில் தெரிந்தால் 31பி சரிவராது. சர்க்கரையும் வாசனைச் சரக்கும் சேர்ந்து தெரிவதற்கு 30டி என்று தனியாக வைத்திருக்கிறார்கள். சுக்கு இருந்தும் வாசம் இல்லையென்றால் மறுபடி 31பிதான். அதனால் பொதியைப் பிரித்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, சரக்கு யாரிடம் வாங்கினீர்கள் என்பது. தரகர் கை மாறி வருவதில் வெள்ளைச் சீனி கலப்பது ஊரறிந்த சங்கதி. வெள்ளைச் சீனி வாசமே வைக்காமல் நொதித்துப் போகும். அப்புறம் 31பி என்று எழுதி என்ன பயன்? ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். வெறும் இனிப்புத்தான், பனை வாசம் இல்லையென்றால் அடுத்த முறை சீவுகிறவரின் வீட்டிலேயே வாங்குங்கள்.

மகன் விடுமுறைக்கு வந்து உங்கள் அடுப்பில் காய்ச்ச ஆசைப்பட்டால் விடாதீர்கள். இலங்கையின் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். கசிப்பு என்னும் கள்ளச்சாராயத்தையும் வீட்டு பீரையும் ஒரே கூடையில் போடும் சட்டம், எரிச்சல்தான் வருகிறது. “வீட்டுக்குத்தானே, பிரச்சினை வராது” என்று சொல்லிக் காய்ச்சும் சாமான் விற்க வருபவரிடம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.