அம்மாவின் பன்னிரண்டு காட்டன் புடவைகளைத் துண்டுகளாக வெட்டி இணைத்து, இரட்டைக் கட்டிலுக்குக் குவில்ட், அதாவது அடுக்குப் போர்வை, தைக்க ஆசை. மிஷின் ஓரளவு ஓட்டுவேன், சென்னையில் இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

அம்மாவின் புடவையில் இப்போதைக்குக் கத்தரி வைக்காதீர்கள். பன்னிரண்டு புடவை இருக்கிறது, இரட்டைக் கட்டிலுக்குப் போர்வையாகத் தைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுடைய மூன்றாவது குவில்டாக இருக்கட்டும். முதல் இரண்டும் போனால் போகட்டும் என்று விடக்கூடிய துணியில் தைக்க வேண்டியவை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் குவில்ட் அக்காவின் குழந்தைக்காக. பாட்டியின் மெரூன் சுங்குடியையும் தாத்தாவின் வெள்ளை வேட்டியையும் சதுரம் சதுரமாக வெட்டி, மாற்றி மாற்றி வைத்துத் தைத்தேன். பாட்டி அந்தப் புடவையை அதிகம் கட்டவேயில்லை, தண்ணீரே சரியாகப் பார்க்காத துணி என்பது எனக்குத் தெரியாது. முதல் துவைப்பிலேயே வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன. சுங்குடி சுருங்கி, பக்கத்து வேட்டித் துணியையும் இழுத்துச் சுருக்கிவிட்டது. பாட்டி இல்லை, அந்தப் புடவையும் இனி இல்லை. இன்றைக்கும் அந்தக் குவில்டை எடுத்துப் பார்த்தால் மனசு கனக்கும்.

அதனால் எந்தத் துணி வந்தாலும் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிடுங்கள். ஒரு மூலையை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். நாலைந்து முறைக்குப் பிறகும் சாயம் விட்டால் அதை வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். சாயம் போடும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, தளர்ந்து வெளியேறும் சாயத்தை அது பிடித்து நிறுத்தாது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மெட்ராஸ் செக்ஸ் துணியை 1960-களில் அமெரிக்காவில் ‘சாயம் போகும், உத்தரவாதம்’ என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். சட்டைக்கு அது அழகாக இருந்திருக்கலாம், குவில்டுக்கு ஆகாது.

பழகுவதற்குத் துணி வாங்க அதிகம் செலவழிக்க வேண்டாம். தெருவில் பிளவுஸ் தைக்கும் டெய்லரிடம் கேட்டால் டூ பை டூ, கேம்ப்ரிக் வெட்டுத் துண்டுகள் ஒரு பை நிறையக் கிடைக்கும். சுத்த காட்டன்தானா என்று ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு மென்மையான சாம்பலாக உதிர்ந்தால் காட்டன், உருகி உருண்டையானால் பாலியஸ்டர் கலந்தது. இரண்டையும் ஒரே குவில்டில் சேர்த்தால் காட்டனுக்கு வேண்டிய இஸ்திரிச் சூட்டில் மற்றது சுருண்டுவிடும். மீட்டர் கணக்கில் வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெருவில் ஏறி இறங்கலாம். மொத்த வியாபாரத் தெரு அது, சில்லறையாகக் கொடுப்பீர்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பன்னா, அதாவது துணியின் அகலம், எத்தனை இஞ்ச் என்றும் கேளுங்கள். 36 பன்னாவா 44 பன்னாவா என்பதைப் பொறுத்து உங்கள் கணக்கே மாறும்.

முதல் குவில்டுக்கு 36 இஞ்ச் சதுரம் போதும். குழந்தைக்கு விரிப்பாகும், பெரியவர்களுக்கு மடியில் போட்டுக்கொள்ள ஆகும். தைத்தபின் 4 இஞ்ச் நிற்கும் சதுரம், ஒரு வரிசைக்கு 9 வீதம் 9 வரிசை, ஆக 81. வெட்டும்போது நாலரை இஞ்ச். 44 பன்னாவில் மூன்று நிறம், நிறத்துக்கு அரை மீட்டர் எடுத்தால் தலைக்கு 27 சதுரம் வரும், மிச்சத்தில் ஓரப்பட்டியும் எடுத்துவிடலாம். பின்பக்கத்துக்கு 44 பன்னாவில் ஒன்றேகால் மீட்டர். துணி வெட்டும் உருளைக் கத்தியும் அதற்கு அடியில் வைக்கும் பாயும் இப்போதே வாங்கத் தேவையில்லை. பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் நாலரை இஞ்ச் சதுரம் ஒன்றைத் துல்லியமாக வெட்டி வைத்துக்கொண்டு சாக்பீஸால் வரையுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் நான் ஆரம்பித்தேன். அதன் ஓரம் தேயத் தேய, சதுரங்களும் ஒன்றுக்கொன்று மாறிப்போயின. எப்போதும் நெசவு இழை போகும் போக்கில் நேராகவே வெட்டுங்கள், மூலைவாட்டில் வெட்டிய துணி கையிலேயே இழுபடும்.

ஆரம்பிக்கிறவர்கள் தோற்பது பெரும்பாலும் அந்தக் கால் இஞ்சில்தான். இரண்டு சதுரத்தை இணைக்கும்போது தையலுக்கு விடும் கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல். ஒவ்வொரு சதுரத்திலும் வெறும் அரை நூல் கூடுதலாகப் போனால் ஒரு தையலுக்கு ஒரு நூல் குறையும். ஒரு வரிசையில் எட்டுத் தையல், எட்டு நூல், முழுசாக ஒரு இஞ்ச் காணாமல் போகும். பக்கத்து வரிசையில் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்? ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து, மிஷின் தகட்டின் மேல் நாலைந்து அடுக்காக டேப் ஒட்டி மேடு கட்டிவிடுங்கள். துணி அதை உரசிக்கொண்டே போகட்டும். வீட்டில் பழைய கறுப்புக் கால் மிஷின் இருந்தால் இந்த வேலைக்கு அதைவிட நல்லது கிடையாது. நேர்த்தையல் மட்டுமே போடுவதால் அதன் தகட்டில் ஓட்டை சின்னது, துணி உள்ளே இழுபடாது.

ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி உண்டு. தேய்க்காதீர்கள், வைத்து அழுத்தி எடுங்கள். முதல் வரிசைத் தையல்களை எல்லாம் இடப்பக்கம் மடித்தால் அடுத்த வரிசையை வலப்பக்கம். வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோல் உட்கார்ந்து மூலைகள் தாமாகவே பொருந்தும். எனக்கு இது பிடிபட்ட நாள் பெரிய சந்தோஷம்.

இணைத்த சதுரங்கள் மேலே, பின்பக்கத் துணி கீழே, இரண்டுக்கும் இடையில் வரும் நடு அடுக்குக்கு வருவோம். கடையில் விற்கும் தடித்த பாலியஸ்டர் பஞ்சு ஷீட் சென்னை வெயிலுக்கு ஒத்துவராது, ஏ.சி. அறையில் மட்டுமே அதைப் போர்த்த முடியும். இலவம்பஞ்சு உள்ளே நகர்ந்து கட்டிகட்டியாகிவிடும். துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டி, இரண்டு அடுக்கு, அதுவே போதும். வங்காளத்துக் காந்தாவும் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவதுதான், பஞ்சே கிடையாது.

மூன்று அடுக்கையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: எவர்சில்வர் ஊக்காகவே இருக்கட்டும், வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். ஒரு ஐப்பசி மழையில் வேலை நின்றுபோய், மாதக் கடைசியில் எடுத்தபோது ஒவ்வொரு ஊக்குக்கும் கீழே துருக் கறை. சாதாரணமாகத் துவைத்தால் அது போகாது. உடனே தைக்க முடியாதென்றால் பெரிய பெரிய தையலாகக் கையாலேயே ஓட்டிவிடுங்கள், பிறகு பிரித்துக்கொள்ளலாம். மிஷினுக்கு 14-ஆம் நம்பர் புது ஊசி, தையலை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொண்டுபோங்கள். ஓரப்பட்டிக்கு இரண்டரை இஞ்ச் அகலம்.

மிஷினும் கணக்கும் அலுப்பாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ என்ற கைத்தையல் குவில்ட் தைப்பார்கள். பழைய புடவையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கி, துண்டின் விளிம்பை உள்ளே மடித்து மடித்து, ஓட்டுத் தையலாலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். சதுரம் சரியாக இருக்க வேண்டுமென்ற கட்டாயமே இல்லை. உங்கள் இரண்டாவது குவில்டுக்கு இதைத்தான் சொல்வேன், கை பழகிவிடும்.

பிறகு அம்மாவின் புடவைகள். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடமும் குதிகால் உரசும் கரையும்தான் முதலில் நைந்திருக்கும். இடுப்பில் செருகும் உள்தலைப்பு நிறம் மங்காமல் புதுசாகவே இருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் குறுக்கே இழுத்துப் பாருங்கள். தாங்குகிற பகுதி மேலே சதுரமாகட்டும், இழை விடுகிற பகுதி நடு அடுக்காகட்டும். அதுவும் உள்ளேயேதான் இருக்கும், ஒரு துண்டும் வீணாகாது. வெட்டுவதை உள்தலைப்பிலிருந்து தொடங்குங்கள், முந்தானையைக் கடைசிவரை தொடாதீர்கள். ஒரு முந்தானையை மட்டும் முழுசாகப் பின்பக்கத்தில் வைத்து, மூலையில் அம்மாவின் பெயரையும் தைத்த வருஷத்தையும் நூலால் எழுதிவிடுங்கள்.