800 டொலரும் ஒரு விரலும்

ஐயா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொழும்பில் தமிழில் பாடுகிற இளம் ஆட்களைச் சேர்த்து ஒரு மியூசிக் லேபிள் தொடங்கப்போகிறேன். அமெரிக்காவில் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கொம்பனியைத் தொடங்கிய பெரி கோர்டிதான் என் முன்மாதிரி. வெறும் 800 டொலரோடு இறங்கி, கறுப்பின மக்களின் இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர். அவரால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது? கொம்பனியை இங்கே பதிவதா, சென்னையில் பதிவதா? என் பாட்டொன்றின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன். பெயர் போடவேண்டாம்.

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாகப் பழைய மோட்டவுன் பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதிலும் பாடுகிறவரை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை. இந்த நேரம் பார்த்து உம்முடைய கடிதம் வந்திருக்கிறது.

அந்த 800 டொலரைத் தூக்கி வைத்துக் கும்பிடாதீர். 1959இல் கோர்டி குடும்பம் சேர்ந்து போட்டுவந்த சேமிப்பிலிருந்து வாங்கிய கடன் அது. அதற்கு முன்னரே மனிதர் டெட்ரொய்டில் இசைத்தட்டுக் கடை போட்டு நொடித்துப்போனவர். சனம் புளூஸ் கேட்டு வந்தது. இவர் ஜாஸை அடுக்கி வைத்திருந்தார். பிறகு கார்த் தொழிற்சாலையில் வேலை. மோட்டவுனில் எந்தப் பாட்டை வெளியிடுவது என்று முடிவெடுக்கிற கூட்டத்தில் அவர் கேட்கிற கேள்வி பிரசித்தம்: பசிக்கிறது, கையில் ஒரு டொலர்தான் இருக்கிறது, இந்தத் தட்டை வாங்குவீர்களா, சான்விச் வாங்குவீர்களா? கொத்துரொட்டிக் கடை வாசலில் நின்று உம்முடைய பாட்டைப் பற்றி நீர் இதைக் கேட்டுப்பார்த்ததுண்டா?

பதிவு விஷயத்தை ஒரு கணக்காளரிடம் கேளும். எழுத்தாளனிடம் கேட்கிற கேள்வியா அது?

'கறுப்பின மக்களின் இசை' என்று பெரிதாக எழுதியிருக்கிறீர். அந்த மக்களில் ஒருவரைச் சொல்கிறேன். ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே பேஸ் வாசித்தவர். 60களில் மோட்டவுனில் வந்த பெரும்பாலான வெற்றிப் பாட்டுகளின் அடியில் ஓடுவது அந்த விரல். உறையில் பாடகர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும், இவர் பெயர் இராது. 1971இல் மோட்டவுன் பாடகர் மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் வாசித்தவர்களின் பெயர்கள் அச்சேறின. அடுத்த வருடமே கொம்பனி லொஸ் ஏஞ்சலிஸுக்குப் பெட்டி கட்டியது. ஜேமர்சன் 1983இல், 47 வயதில் செத்துப்போனார். 1988இல் கோர்டி மோட்டவுனை விற்றது 6 கோடி 10 இலட்சம் டொலருக்கு. பாட்டுகளின் பதிப்புரிமையை அதில் சேர்க்காமல் தனியே வைத்துக்கொண்டார், கெட்டிக்காரர். கோர்டி இல்லாவிட்டால் அந்த விரலை நான் கேட்டேயிருக்க மாட்டேன், அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு பெயரை அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

டெட்ரொய்ட் தூரம் என்றால் கொட்டாஞ்சேனைக்கு வாரும். தமிழ்ப் பொப்பிசை கொழும்பைக் கலக்கிய 70களில் எங்கள் ஒழுங்கையில் அக்கோடியன் வாசிக்கிற ஒரு அங்கிள் இருந்தார். பகலில் துறைமுகத்தில் வேலை. புது இசைத்தட்டு வந்தால் எங்களைக் கூப்பிட்டு இருத்திப் போட்டுக்காட்டுவார். தன் இடம் வரும்போது கையை உயர்த்துவார், 'இந்தா, இந்தா, கேளுங்கோ' என்று. பிறகு உறையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முன்னால் பாடகரின் படம். பின்னால் அதே கொம்பனியின் மற்றத் தட்டுகளுக்கு விளம்பரம். கையில் கொடுத்த காசைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

இன்றைக்கு அதே பாட்டு யூடியூபில் கிடக்கிறது. கீழே ஆயிரம் பேர் அழுகிறார்கள். அந்த அக்கோடியன் யார் என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல ஒருவருமில்லை. 83 கலவரத்துக்குப் பிறகு வாசித்த ஆட்கள் ரொறன்ரோ, மெல்பேர்ன் என்று சிதறிப்போனார்கள். உறையிலும் இல்லாத பெயரை இனி எந்தக் காரியாலயத்தில் போய்த் தேடுவது?

உம்முடைய பாட்டைக் கேட்டேன். குரல் பரவாயில்லை, வரிகள் சவசவ. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு வயலின் வருகிறதே, அது அருமை. கீழே பார்த்தேன். உம்முடைய பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. படம் எடுத்தவர், உடை கொடுத்த கடை, ட்ரோன் பறக்கவிட்டவர் எல்லாரும் இருக்கிறார்கள். அந்த வயலின் யார் ஐசே? இன்றைக்கே போட்டுவிட்டு எனக்கும் எழுதும். லேபிளைப் பற்றிப் பிறகு பேசலாம்.