ஓமான் வாதியில் (வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கில்) நடக்க யாருக்குப் பணம் கொடுப்பது?

கேள்வி: நிலாவெளியில் வசிக்கிறேன். மஸ்கட்டில் வேலை செய்யும் தம்பியிடம் டிசம்பரில் போகிறேன். வாதி பனி அவ்ஃப் பக்கமாக, அதிகம் பேர் அறியாத ஒரு கிளைப் பள்ளத்தாக்கினுள் நாங்கள் நால்வர் ஒரு நாள் நடக்க எண்ணியுள்ளோம். திருகோணமலை டவுனில் ஒரு முகவர் 'பள்ளத்தாக்கு அனுமதி' எடுத்துத் தர முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

பதில்: கொடுக்க வேண்டாம். வாதிக்குள் சொந்தக் காலில் நடந்து போய்வருவதற்கு ஓமானில் பொதுவாக அனுமதிச்சீட்டு என்று எதுவும் கிடையாது. முன்பொருமுறை ஒருவர் அப்படி வாங்கிய 'அனுமதி'யை என்னிடம் கொண்டுவந்தார். விரித்துப் பார்த்தால், மஸ்கட் ஹோட்டல் ஒன்றின் அறை முன்பதிவுத் தாளின் அடியில் ஒரு இறப்பர் முத்திரை. கயிற்றில் தொங்கி இறங்க வேண்டிய இடம் வழியில் இருந்தால் மட்டும் வழிகாட்டிக்குச் செலவழியுங்கள். அவரிடமும் அந்நாட்டுச் சுற்றுலா அமைச்சு கொடுத்த உரிமத்தைக் காட்டச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

நீங்கள் தண்ணீர் போதாமற் போகுமோ என்று அஞ்சுகிறீர்கள். நான் தண்ணீர் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். டிசம்பர் நடப்பதற்கு இதமான காலந்தான், ஆனால் ஹஜர் மலைகளில் குளிர்கால மழை விழுவதும் அந்த மாதங்களில்தான். நம்மூர் மகாவலி ஆறு பெருகினால் கிண்ணியாவிலும் மூதூரிலும் வயல் நிரம்பி, வீதி மூழ்கி, பிறகுதான் வாசலுக்கு வரும். சாமானை எடுத்து வைக்க நேரம் கிடைக்கும். ஓமான் மலையில் அப்படியல்ல, வெறும் பாறை மழையைக் குடிப்பதில்லை. மேலே விழுந்தது அத்தனையும் ஒடுங்கிய பள்ளத்தாக்கிற்குள் சில நிமிடங்களில் திரண்டு வந்துவிடும். அமெரிக்காவின் அன்டிலோப் பள்ளத்தாக்கில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேர் அடித்துச் செல்லப்பட்டபோது, அந்த மழை பெய்தது பல கிலோமீற்றர் அப்பால். பக்கச் சுவரில் இரண்டு ஆள் உயரத்தில் காய்ந்த ஈச்ச ஓலையும் பிளாஸ்டிக் போத்தலும் செருகிக் கிடந்தால், முன்பு வந்த வெள்ளம் அந்த உயரத்தில் ஓடியது என்று அறிந்துகொள்ளுங்கள். தெளிந்த நீர் கலங்கினாலோ சுள்ளிகள் மிதந்து வந்தாலோ வந்த வழியே ஓடாமல் உடனே பக்கத்து மேட்டில் ஏறுங்கள்.

ஆகவே மேல்மலையில் மழைக்கு வாய்ப்புண்டு என்று அறிவித்தால் அன்று போகக்கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஜெபல் ஷம்ஸ் மலையில் 'பால்கனி நடை' என்று சொல்லப்படும் பாதை வாதியின் அடியில் அல்ல, வாதி கூல் என்ற பள்ளத்தாக்கிற்கு மிக உயரே, செங்குத்துச் சுவரின் இடையில், கைவிடப்பட்ட அஸ் ஸாப் கிராமம் வரை போகிறது. வெள்ளம் அங்கே எட்டாது. அதற்காக மழையில் போகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்: இடி விழும், மேலிருந்து கல் உருளும், ஈரப் பாறையில் சறுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வானம் மூடியிருந்து மழையும் இடியும் இல்லாத நாளுக்கு மட்டுமே இந்த விலக்கு. உங்கள் திட்டம் தவறினால் அங்கே போங்கள், அனுபவத்தில் குறைவிராது.

வானிலை எச்சரிக்கை பெரும் பிரதேசங்களுக்குத்தான் வரும், உங்கள் கிளைப் பள்ளத்தாக்கின் பெயர் அதில் இராது. நடைப்பயணத்தை எங்காவது பதிந்து வைக்கலாமா என்று நான் ஒருமுறை கேட்டு அலைந்தேன். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் காட்டியது, அது மறுபடி முதலாவதைக் காட்டியது. எனவே பள்ளத்தாக்கின் வாயிலிலுள்ள கிராமத்தில் வண்டியை நிறுத்தி, நேற்று மேலே மழை பெய்ததா என்று பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். எந்த முகவரையும்விட அவருக்குத் தெரியும்.

ஆளுக்கு 5 லீற்றர் தண்ணீர். அது 5 கிலோ பாரம், முதுகில் தாங்குமா என்று இங்கேயே ஏற்றிப் பாருங்கள். கூடவே ஜீவனிப் பைக்கற்றுகள் (நீரிழப்புக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்). உள்ளே கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி உங்களோடு வருவாராயின், மஸ்கட்டில் இருக்கும் வேறொருவரிடம் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, அந்நேரம் தாண்டினால் 9999 என்ற அவசர இலக்கத்திற்கு அழைக்கச் சொல்லுங்கள். டிசம்பரில் அங்கே மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பள்ளத்தாக்கின் அடியில் அதற்கும் முன்பே இருட்டும். அதனால் எங்கே நின்றாலும் பகல் 12 மணிக்குத் திரும்பிவிடுங்கள்.