மீதி 64 நாட்கள்

அன்புள்ள சார்,

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஐந்து வருடமாக இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு ஒன்பது வயது. இதுவரை 17 நாடுகள் பார்த்துவிட்டோம். இந்த ஜூலையில் என் அப்பா அம்மா 75 நாட்களுக்கு வருகிறார்கள். ஆகஸ்டில் 11 நாட்கள் காரில் போகலாம் என்று திட்டம். ஒன்று பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம். இல்லையென்றால் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக், மிலன், வெனிஸ், ரோம். எது நல்லது? அப்பாவுக்கு முழங்கால் வலி, ரத்த அழுத்தம் உண்டு. சுத்த சைவம். பிரச்சினை என்னவென்றால் மகள் வரமாட்டேன் என்கிறாள். "தாத்தா பாட்டி நம்ம வீட்டுக்குத்தானே வர்றாங்க, நாம ஏன் வெளியே போகணும்?" என்று அழுகிறாள். அவளுக்குப் பயணத்தில் ஆர்வம் வர என்ன செய்வது? தமிழில் பயணக்குறிப்பு எழுதச் சொல்லலாமா? எங்கள் ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை செத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டார் ஒரு ஹலோவுக்கு மேல் பேசமாட்டார்கள். எங்களுக்கும் ஜெர்மன் இன்னும் சரியாக வரவில்லை. நீங்களும் அந்தப் பக்கம் குடும்பத்தோடு இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த எக்செல் கோப்பையும் பார்த்தேன். 11 நாட்களுக்கும் அரைமணி நேரக் கணக்கு. சிற்றுண்டி எத்தனை மணிக்கு, பெட்ரோல் எங்கே, கழிப்பறைக்கு எந்த நிறுத்தம் என்பது வரை இருக்கிறது. நல்ல உழைப்பு. ஆனால் உங்கள் பெற்றோர் 75 நாட்களுக்கு வருகிறார்கள். மீதி 64 நாட்களுக்கான கோப்பு எங்கே?

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய்விட்டு வரும் பெரியவர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அப்படிப் போய்வந்தவர்தான். மாலை நடையில் பேச்சுக் கொடுத்தால் ஈஃபில் கோபுரம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம், "பகல் பூரா சன்னல்தான் சார்" என்பார்கள். எட்டு மணிக்கு மகனும் மருமகளும் கிளம்பிவிட்டால் சாயந்திரம் வரை வீட்டில் பேச ஆளில்லை. வெளியே ஓர் எட்டு போய்வரலாம் என்றால் அந்த ஊர்க் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும், சாவி உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்படி ஒருமுறை மாட்டி, பூட்டுக்காரருக்குக் கொடுத்த காசை மகன் சொல்லிக் காட்டியதிலிருந்து கதவுப் பக்கமே போவதில்லை என்றார் ஒரு பெரியவர். குக்கர் விசிலடித்தால் பக்கத்து வீட்டார் கோபிப்பார்களோ என்று சோற்றைப் பானையில் வடித்த ஓர் அம்மாளையும் தெரியும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பாரிஸா ரோமா என்ற கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சில விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். சைவச் சாப்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஐந்து வருடம் அங்கே குடும்பம் நடத்துகிறவருக்குத் துருக்கிக்காரர் கடையில் கொத்தமல்லி எந்தப் பக்கம் என்று தெரியாமலா இருக்கும்? வழிக்குப் புளிக்காய்ச்சல் கொண்டுபோங்கள், போதும். யுங்ஃப்ராவ்யோக்கை அடித்துவிடுங்கள். அது 3454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவரை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஆளுக்கு இருநூறு பிராங்குக்கு மேல் கொடுத்து ரயிலேற்றி, மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டுமா? பயணக்குறிப்பும் வேண்டாம். விடுமுறையில் வீட்டுப்பாடம் கொடுக்கிற அப்பாவை எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது.

பக்கத்து வீட்டார் பேசுவதில்லை என்ற புகாரை நான் ஏற்கவில்லை. ஐந்து வருடத்தில் அவர்கள் மொழியை நீங்கள் படிக்கவில்லை. அவர்கள் தமிழ் படித்திருக்க வேண்டும் என்கிறீர்களா? மாலை வகுப்புகள் சின்ன ஊர்களில்கூட உண்டு. போய்ச் சேருங்கள்.

அப்புறம் அந்த 17. எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் சுலபமான வழி இருக்கிறது. பெல்ஜியம், நெதர்லாந்து எல்லைப்பக்கம் பார்லே என்று ஓர் ஊர். நெதர்லாந்து நிலத்துக்குள் பெல்ஜியத்தின் 22 துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குள் மறுபடி நெதர்லாந்துத் துண்டுகள். எல்லைக்கோடு நடைபாதையில் ஓடும், சில வீடுகளுக்குள்ளும் ஓடும். வாசல் கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ வீடும் அந்த நாட்டுக்கு. சாப்பிட்டுவிட்டுக் காலாற நடந்தாலே பத்து முறை நாடு மாறிவிடலாம். 1985 ஜூன் 14 அன்று, ஷெங்கன் என்ற லக்சம்பர்க் கிராமத்தின் அருகே, மொசெல் ஆற்றில் நின்ற கப்பலில் எல்லைச் சோதனையைக் கைவிடும் ஒப்பந்தத்தில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. எல்லைச்சாவடிகள் மறையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இப்போது நாடு மாறியதைப் பெரும்பாலும் செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்திதான் சொல்கிறது. (ஜெர்மனி 2024இலிருந்து தன் எல்லைகளில் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. பெற்றோரின் கடவுச்சீட்டுகளைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள்.) பின்சீட்டில் தூங்கும் குழந்தைக்கு இது பதினேழாவது நாடு என்று எப்படித் தெரியும்?

உங்கள் மகள் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதும்போது காதில் விழவில்லையா? அவளுக்குப் பயணத்தில் வெறுப்பு இல்லை. தாத்தா பாட்டிக்குக் காட்ட அவளிடம் ஓர் ஊர் இருக்கிறது, அதை விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்கள் என்பதுதான் அழுகை. உங்கள் வீட்டில் அந்த மொழி தடையில்லாமல் வருவது அவள் ஒருத்திக்குத்தான். ரொட்டிக்கடையில் தாத்தாவுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக் கொடுக்க அவளால் முடியும். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்தப் பழமரத்தில் மஞ்சள் நாடா கட்டியிருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். பாரிஸில் அவள் வரிசையில் நிற்கும் இன்னொரு உருப்படி. முன்னால் நிற்பவரின் முதுகுப்பைதான் அவள் கண்ணுக்கு நேராக இருக்கும். சொந்த ஊரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெரியவர்கள் நடப்பார்கள். கண்ணம்மா, நீ அழாதே என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்லுங்கள்.

ஞாயிறு செத்துக் கிடக்கிறது என்கிறீர்கள். கடை மூடியிருப்பதற்குத்தானே அந்தப் பெயர்? 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தின் 139ஆம் பிரிவு ஞாயிறை ஓய்வு நாளாகக் காப்பாற்றியது. இன்றைய ஜெர்மன் அரசியல் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. தெருமுனைத் தொட்டியில் காலிக் கண்ணாடிப் பாட்டிலைப் போட்டால்கூட அன்று யாராவது சன்னலைத் திறந்து திட்டுவார்கள். அந்த நாளில் அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? நடக்கிறார்கள். மழை பெய்தாலும் மூன்று தலைமுறையும் சேர்ந்து காட்டுப்பாதையில் நடக்கிறார்கள். நீங்கள் அன்று அடுத்த பயணத்துக்கு விடுதி தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நாங்கள் உங்கள் ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த ஸ்வாபியா வட்டாரத்தில் இருந்தபோது என் அம்மா வந்திருந்தாள். அங்கே கேர்வொக என்று ஒன்று உண்டல்லவா, உங்கள் கட்டடத்தில் ஆள் வைத்துச் செய்கிறார்களோ என்னவோ. வாரம் ஒரு வீட்டார் படிக்கட்டையும் வாசலையும் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். ஸ்டுட்கார்ட் நகராட்சி 1988இல் அதைத் தன் விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. வாடகை ஒப்பந்தங்களிலிருந்து அது போகவில்லை, பாட்டிமார் மனதிலிருந்தும் போகவில்லை. பலகை எங்கள் கதவுக்கு வந்த வாரம் அம்மா அது என்னவென்று கேட்டாள். சொன்னதும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக, ஈரத்துணியோடு, பின்பக்கமாகவே இறங்கினாள். கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா முடித்ததும் வந்து, படியும் சுவரும் சேரும் மூலையில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார், புது மருமகள் தேய்த்து வைத்த பாத்திரத்தைப் பார்க்கிற மாமியார் மாதிரி. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. தலையை ஒருமுறை ஆட்டினார். அம்மாவும் ஆட்டினாள். அங்கே குடியிருந்த காலம் முழுக்க எனக்குக் கிடைக்காத தலையாட்டல் அது! அடுத்த வாரமும் அம்மா துணியோடு இறங்க, பாட்டி தடுத்துவிட்டார். பலகை வேறு கதவில் இருந்தது. முறை என்றால் முறைதான். அந்தக் கறாரில் அம்மாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அம்மாவுக்குப் பாரிஸில் ஆசை இல்லை. ஆறு பார்க்க வேண்டும் என்றாள். இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன், இவ்வளவு தூரம் சுற்றிவிட்டேன். உங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் டான்யூப் ஆறு காணாமல் போகிறது. போயிருக்கிறீர்களா? போயிருக்க மாட்டீர்கள். அது உங்கள் மாநிலத்துக்குள்ளேயே இருப்பதால் பதினெட்டாவது நாடாகக் கணக்கில் சேராது.

டோனாவெஷிங்கன் அருகே பிரிகாக், பிரேக் என்று இரண்டு சிற்றாறுகள் சேர்ந்து டான்யூப் ஆகின்றன. கருங்கடல் வரை சுமார் 2850 கிலோமீட்டர் போக வேண்டிய ஆறு. அது இம்மெண்டிங்கன் என்ற ஊரைத் தாண்டியதும் சுண்ணாம்புப் பாறை விரிசல்களில் இறங்கிவிடுகிறது. கோடையில் பல நாட்கள் மொத்த ஆறும் இறங்கிவிடும், படுகை வெறும் கூழாங்கல்லாகக் கிடக்கும். நேர்க்கோட்டில் 12 கிலோமீட்டர் தள்ளி, ஆக் என்ற சிற்றூரில் அந்தத் தண்ணீர் பொங்கி வருகிறது. ஜெர்மனியின் மிகப் பெரிய ஊற்று அதுதான், சராசரியாக நொடிக்கு 8500 லிட்டர். அங்கிருந்து கான்ஸ்டன்ஸ் ஏரி, அப்புறம் ரைன், கடைசியில் வடகடல். ஒரே ஆற்றின் தண்ணீர் ஐரோப்பாவின் இரண்டு கோடிகளில் இரண்டு கடல்களுக்குப் போகிறது. 1877இல் ஆற்றில் டன் கணக்கில் உப்பையும், கூடவே ஷேல் எண்ணெயையும் 10 கிலோ சாயத்தையும் கொட்டிவிட்டு ஆக் ஊற்றில் காத்திருந்தார்கள். சுமார் 60 மணி நேரத்தில் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது, தண்ணீர் கரித்தது.

அப்புறம் என்ன, சண்டைதான். அப்போது வூர்ட்டம்பர்க்கும் பாடனும் தனித்தனி மாநிலங்கள். எங்கள் தண்ணீர் போகிறதே என்றது வூர்ட்டம்பர்க். இந்தத் தண்ணீரில்தான் எங்கள் ஆலைகள் ஓடுகின்றன என்றது பாடன். காவிரிச் செய்தி கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 1927இல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. இயற்கையாக இறங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் கட்டுமானங்கள் வைத்து அதைக் கூட்டவோ தடுக்கவோ யாருக்கும் உரிமையில்லை என்ற ரீதியில் முடிவு வந்தது. 1952இல் இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்துவிட்டன. (நாமும் கர்நாடகமும் அப்படிச் சேர்ந்துவிடலாமே என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.)

அம்மா ஆற்காட்டுப் பக்கம், பாலாற்றங்கரையில் பிறந்தவள். பெரிய ஆறு என்று சொல்லி அழைத்துப்போயிருந்தேன். கூழாங்கல்லைப் பார்த்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படுகையில் இறங்கினாள். ஒரு கல்லைப் புரட்டி அடியில் உள்ளங்கையை வைத்தாள். "ஈரமா இருக்குடா. உள்ளதான் போகுது" என்றாள். கரையோரம் மிச்சமிருந்த குட்டையில் தண்ணீர் சின்னச் சுழியாகச் சுற்றிப் பாறைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. குனிந்தால் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என் மகன் ஓர் இலையைப் போட்டான். அது இரண்டு சுற்றுச் சுற்றி இடுக்கில் மாட்டிக்கொண்டது. பாலாற்றில் ஊற்றுத் தோண்டுவது எப்படி என்று அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அங்கேதான். மணலை அகலமாக வழிக்க வேண்டும், முதலில் சுரக்கும் கலங்கலைக் கொட்டாங்குச்சியால் இறைத்துக் கொட்ட வேண்டும், தெளிந்த பிறகுதான் குடத்தில் மொள்ள வேண்டும். பையன் அன்று ரயிலேறும் வரை டான்யூபின் நடுவில் தோண்டிக்கொண்டிருந்தான். பாலாற்றில் இப்போது மணலே இல்லை என்பதை அம்மா அவனிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நீங்கள் சரியாக ஐந்து பேர். பாடன்-வூர்ட்டம்பர்க் நாள் சீட்டு ஒன்றில் ஐந்து பேர் வரை போகலாம். இம்மெண்டிங்கனுக்குப் பக்கத்து ஊரான டுட்லிங்கன் பக்கம் போகும் ரயில்களைப் பாருங்கள். வழி கேட்பது, நடைமேடை பார்ப்பது எல்லாவற்றையும் மகளிடம் விட்டுவிடுங்கள். மாதம் முழுக்கச் சுற்றுவதற்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. 2023இல் 49 யூரோவுக்குத் தொடங்கியது 2026இல் 63 ஆகிவிட்டது, ஆனாலும் நாடு முழுக்க வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் ஏறலாம். மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதக் காசையும் எடுத்துக்கொள்வார்கள், கவனம். வந்த அன்றே உங்கள் அப்பாவுக்கு ஒரு மாற்றுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கொடுத்துவிடுங்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள வெட்கப்பட்டால் பேத்தி சொன்னால் மாட்டிக்கொள்வார்.

சரி, நீங்கள் கேட்டது பாரிஸா ரோமா என்று. ஆகஸ்டில் ரோம் வேண்டாம், அந்த வெயில் பெரியவர்களுக்கு ஆகாது. பாரிஸ் போங்கள், கார் இல்லாமல். ஸ்டுட்கார்ட்டிலிருந்து நேர் ரயில் மூன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும், முழங்காலையும் நீட்டிக்கொள்ளலாம். மூன்று இரவு தங்கினால் தாராளம். லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.