கதவை ஏன் அறைந்து சாத்துகிறார்கள்? (கடிதம்)

வணக்கம் ஐயா,

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லாத நாடு எது?' என்ற கேள்விக்கு எத்தனையோ மாதிரித் தேர்வுகளில் பிரிட்டன் என்று குறித்திருக்கிறேன், அப்படியென்றால் என்ன என்று யோசித்ததில்லை. சமீபத்தில் யூடியூபில் அந்த நாட்டுப் பாராளுமன்றத் தொடக்க விழாவைப் பார்த்தேன். கறுப்பு உடையில் ஒரு பெண் அதிகாரி கையில் கோலோடு நடந்து வருகிறார். அவர் நெருங்கியதும் உள்ளே இருப்பவர்கள் முகத்துக்கு நேராகக் கதவை அறைந்து சாத்துகிறார்கள். அப்புறம் அவர் தட்ட, திறக்கிறார்கள். எம்.பி.க்கள் பேசிச் சிரித்துக்கொண்டே அவர் பின்னால் போகிறார்கள். மன்னர் கிரீடத்தோடு உட்கார்ந்து யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். இவ்வளவு வளர்ந்த நாட்டில் எதற்கு இந்த நாடகம்?

அதைவிடப் புரியாதது, ஒரு புத்தகமும் இல்லாமல் அங்கே ஆட்சி ஒழுங்காக நடக்கிறது. நமக்கோ இவ்வளவு நீளமான அரசியலமைப்பு இருந்தும் ஆளுநருக்கும் அரசுக்கும் ஓயாத சண்டை. அப்படியானால் எழுதாமல் விடுவதே மேல் அல்லவா? இன்னொன்று, அங்கே எம்.பி. ராஜினாமா செய்யவே முடியாது என்று பயிற்சி மைய நண்பர் சொல்கிறார். உண்மையா?

கி., கரூர்

*

அன்புள்ள கி.,

கதவிலிருந்தே ஆரம்பிக்கலாம். நாடகம் என்று நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் அதில் மன்னருக்கு நல்ல வேடம் கிடையாது. 1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்லஸ் மன்னர் ஆயுதம் தாங்கிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு, நம் மக்களவை மாதிரியான காமன்ஸ் சபைக்குப் போனார், ஜான் பிம் முதலான ஐந்து உறுப்பினர்களைப் பிடிப்பதற்கு. அவர்கள் எங்கே என்று சபாநாயகர் வில்லியம் லென்தாலைக் கேட்டார். லென்தால் மண்டியிட்டு, இந்தச் சபை கட்டளையிட்டாலொழிய இந்த இடத்தில் எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார். மரியாதையிலும் குறை வைக்கவில்லை, ஆளையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஐந்து பேரும் முன்கூட்டியே விஷயம் தெரிந்து தப்பிவிட்டிருந்தார்கள். அந்த வருடமே உள்நாட்டுப் போர் வெடித்தது. 1649 ஜனவரி 30 அன்று மன்னரின் தலையையே வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சபை நடக்கும்போது எந்த மன்னரும் உள்ளே போனதில்லை. தொடக்க உரையை மேலவையான பிரபுக்கள் சபையில் உட்கார்ந்துதான் படிக்க முடியும், காமன்ஸ் உறுப்பினர்களை அழைத்துவர ஆள்தான் அனுப்ப வேண்டும். அந்த ஆள்தான் 'பிளாக் ராட்'. நீங்கள் பார்த்தவர் சாரா கிளார்க்காக இருக்கலாம், 2018இல் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். மன்னரின் ஆள் வருகிறார் என்றதும் கதவைச் சாத்துவது, நாங்கள் திறந்தால்தான் நீ உள்ளே வரலாம் என்று வருடா வருடம் சொல்லிக் காட்டுவது. வீடியோவில் வராத இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. மன்னர் பாராளுமன்றத்தில் இருக்கும் நேரம் முழுக்க ஒரு எம்.பி.யைப் பக்கிங்ஹாம் அரண்மனையில் பிணையாக வைத்திருப்பார்கள், மன்னர் பத்திரமாகத் திரும்பி வரும்வரை (நல்ல உபசாரத்தோடுதான்). அப்புறம், உரை முடிந்து காமன்ஸ் சபை திரும்பக் கூடியதும் அந்த உரையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சட்டத்துக்குப் புறம்பானவர்களைப் பற்றிய ஒரு பழைய மசோதாவின் தலைப்பை முதலில் வாசிப்பார்கள். அதை யாரும் விவாதிப்பதுமில்லை, நிறைவேற்றுவதுமில்லை. மன்னர் சொன்ன வேலைக்கு முன்னால் எங்கள் வேலையை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று காட்டத்தான் அது இருக்கிறது. எனக்கு இந்த விழாவில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், டிவியில் அதைக் காட்டும்போது பாதிப்பேர் சேனலை மாற்றியிருப்பார்கள்.

சரி, உரைக்கு வருவோம். அதில் ஒரு வரிகூட மன்னருடையது இல்லை, எல்லாம் அமைச்சர்கள் எழுதியது. பிடிக்கிறதோ இல்லையோ, முகத்தில் எதையும் காட்டாமல் 'என்னுடைய அரசாங்கம் இதைச் செய்யும், அதைச் செய்யும்' என்று படித்துவிட்டுப் போக வேண்டும். நம் அரசியலமைப்பின் 176ஆவது பிரிவில் இருக்கும் ஆளுநர் உரை இதன் வாரிசுதான். 2023 ஜனவரி 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஆளுநர் அச்சடித்த உரையில் சில பகுதிகளை விட்டுவிட்டுப் படித்ததும், அச்சில் உள்ளது மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் தீர்மானம் கொண்டுவந்ததும், ஆளுநர் பாதியில் வெளியேறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். லண்டனில் மன்னர் ஒரு பத்தியைத் தாண்டிப் போனால் என்ன ஆகும்? தண்டிக்கச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு பத்தியோடு மன்னராட்சி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி தெருவுக்கு வந்துவிடும், அது அவருக்கும் தெரியும். பாராளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு அங்கே கடைசியாக ஒப்புதல் மறுக்கப்பட்டது 1708இல், ஆன் ராணி காலத்தில், அதுவும் அமைச்சர்களின் ஆலோசனைப்படி.

ஒரு சின்னத் திருத்தம். அங்கே எதுவுமே எழுதப்படவில்லை என்பது வழிகாட்டி நூல்கள் பரப்பிய கதை. 1215இன் மாக்னா கார்ட்டா, 1689இன் உரிமைச் சட்டம், பிரபுக்கள் சபையின் கையைக் கட்டிய 1911ஆம் ஆண்டுச் சட்டம் என்று நிறையவே எழுதியிருக்கிறார்கள், ஒரே புத்தகமாகக் கட்டவில்லை, அவ்வளவுதான். எழுதாமல் விட்டவைதான் முக்கியமான இடங்கள். பிரதமர் எம்.பி.யாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1963இல் பிரபுவாக இருந்த அலெக் டக்ளஸ்-ஹோம் பிரதமரானார், பிரபுப் பட்டத்தைத் துறந்தார், இடைத்தேர்தலில் ஜெயித்து வரும்வரை சுமார் இரண்டு வாரம் எந்தச் சபையிலும் இடமில்லாத பிரதமராகவே இருந்தார். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

இப்படி எல்லாரும் ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை இந்த ஏற்பாடு அழகாக ஓடும். 2019இல் போரிஸ் ஜான்சன், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்சிட் கெடு அக்டோபர் 31 என்று கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரத்தில், பாராளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கிவைக்கும்படி எலிசபெத் ராணிக்கு ஆலோசனை சொன்னார். ராணி என்ன செய்ய முடியும்? பிரதமர் சொன்னால் மறுக்கக் கூடாது என்பது மரபு, அதனால் ஒப்புக்கொண்டார். ஒரு மரபைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றை உடைக்கலாம் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துபோனது. செப்டம்பர் 24 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட 11 நீதிபதிகளும் ஒருமனதாக, இது சட்டவிரோதம், முடக்கமே நடக்கவில்லை என்று தீர்ப்பளித்தார்கள். மறுநாள் சபை கூடியது. நாட்டின் சட்டம் அனுமதிப்பதைத் தவிர மன்னருக்குத் தனி அதிகாரம் கிடையாது என்ற 1611ஆம் வருடத்து வழக்கையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. எழுதாத ஏற்பாடு தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டது என்று அப்போது பலர் பாராட்டினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. யாராவது வழக்குப் போட்டு, நீதிபதிகளும் துணிந்ததால் தப்பித்தது.

பாராளுமன்றமே தப்புச் செய்தால் அந்த வழியும் இல்லை, எழுதாமல் விடுவதே மேல் என்று நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். 1968இல் கென்யாவிலிருந்த ஆசிய வம்சாவளியினர் கையில் முறையான பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. வேலையும் தொழிலும் ஆப்பிரிக்கர்களுக்கே என்ற ஆப்பிரிக்கமயக் கொள்கையால் அங்கே வேலையும் வியாபாரமும் போய் அவர்கள் லண்டன் விமானம் ஏறத் தொடங்கியதும், தொழிற்கட்சி அரசு மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வருபவரோ, அவருடைய அப்பா அம்மா, தாத்தா பாட்டியில் ஒருவரோ பிரிட்டனில் பிறந்தவராகவோ அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவராகவோ இருந்தால்தான் தடையில்லாமல் வரலாம். யாரைத் தடுக்க இந்த நிபந்தனை என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். அதே பாஸ்போர்ட் வைத்திருந்த வெள்ளையர்களில் பெரும்பாலோர் தாராளமாக வந்தார்கள். பாராளுமன்றச் சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல லண்டனில் ஒரு நீதிமன்றமும் கிடையாது. 1973இல் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம்தான் இது இனப்பாகுபாடு, மனிதர்களை இழிவுபடுத்துவது என்று சொன்னது. இன்றைக்கும் 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின்படி, ஒரு பாராளுமன்றச் சட்டம் உரிமைகளோடு ஒத்துப்போகவில்லை என்று அங்குள்ள நீதிபதிகள் அறிவிக்கலாம், ரத்துசெய்ய முடியாது. நம் ஊரில் அதே 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், அரசியலமைப்புத் திருத்தத்தையே ரத்துசெய்யலாம் என்ற இடத்துக்கு உச்ச நீதிமன்றம் வந்துவிட்டது.

நம்முடையது ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கு அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பதில் சொல்லியிருக்கிறார். அரசியலமைப்பு ஒழுக்கம், அதாவது அதை மதித்து நடக்கும் பழக்கம், நம் மக்களிடம் இன்னும் ஊறவில்லை, அதனால் நிர்வாக விவரங்களைச் சட்டமன்றங்களின் கையில் விடாமல் இதிலேயே எழுதி வைப்பது நல்லது என்பது அவர் வாதம். அந்த உரையைத் தேடிப் படியுங்கள், தேர்வுக்கும் உதவும். ஆனால் அத்தனை நீளத்திலும் ஆளுநர் விஷயத்தில் சில இடங்களை மரபை நம்பி விட்டுவைத்தார்கள், மசோதாவுக்கு இத்தனை நாளில் ஒப்புதல் தர வேண்டும் என்று கெடு போடாதது மாதிரி. நம் சண்டையெல்லாம் சரியாக அந்த இடங்களில்தான் நடக்கிறது, கவனித்தீர்களா?

உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். 1624இல் போட்ட தீர்மானப்படி காமன்ஸ் உறுப்பினர் ராஜினாமா செய்ய முடியாது. ஆனால் அரசரிடம் சம்பளப் பதவி ஏற்றால் உறுப்பினர் பதவி போய்விடும். அதனால் சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ், நார்த்ஸ்டெட் என்ற இடங்களின் பெயரில், சட்டத்தின் கண்ணில் மட்டும் சம்பளப் பதவியாக எண்ணப்படும், நிஜத்தில் வேலையும் சம்பளமும் இல்லாத இரண்டு நிர்வாகிப் பதவிகளை இதற்கென்றே வைத்திருக்கிறார்கள். விலக நினைப்பவர் நிதியமைச்சருக்கு எழுதிக்கேட்டு அதில் ஒன்றை வாங்கிக்கொள்வார். 2011இல் அயர்லாந்தின் ஷின் ஃபெய்ன் கட்சித் தலைவர் ஜெரி ஆடம்ஸ், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்துச் சபைக்கே போகாத எம்.பி., அப்படி எதையும் கேட்காமல் வெறும் ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். நிதியமைச்சகம் அவரை நார்த்ஸ்டெட் நிர்வாகியாக நியமித்துவிட்டது. நான் அப்படி எந்தப் பதவியையும் ஏற்கவில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். கேட்பாரில்லை, எம்.பி. பதவி காலியானதாக அறிவித்துவிட்டார்கள்.