தமிழில் எழுதிவைத்த ஜப்பானிய மொழி

வணக்கம் ஐயா,

ஆந்திராவில் உள்ள தடா என்ற ஊரில் இருந்து எழுதுகிறேன். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஜப்பானியக் கம்பெனி வேலைக்கு உதவும் என்று டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் தொடக்க நிலையான என்5 எழுதினேன். மொத்தம் 96 வந்தும் ஃபெயில். கேட்டல் பகுதியில் 17தான். தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரே மாதிரி, சுலபம் என்றார்களே? எல்லாப் பாடத்தையும் தமிழில் எழுதிவைத்துத்தான் மனப்பாடம் செய்தேன்.

— ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

என்5 தேற 180க்கு 80 போதும். ஆனால் கேட்டலில் மட்டும் 60க்கு 19 தனியாக வேண்டும். சொல், இலக்கணம், வாசிப்பு சேர்ந்த பகுதியில் 120க்கு 38. அதில் நீங்கள் 79 எடுத்திருக்கிறீர்கள். இலக்கணம் உங்களைக் கைவிடவில்லை. கோளாறு உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது.

‘கல்’லில் வரும் க ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்து, ‘தங்க’த்தில் வரும் க இன்னொன்று. ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் முன்னதன் தோளில் இரண்டு சிறு கோடு போட்டால் பின்னது. தக்காளி போலிருக்கும் ஒரு பழத்தின் பெயருக்கும் சாவிக்கும் அந்தக் கோடுதான் வித்தியாசம். தமிழில் ‘ககி’ என்று எழுதினால் சாவி ஆகிறது. ‘கக்கி’ என்றால் அது வேறு ஒரு சொல். பழத்தை எழுத வழியே இல்லை. ஏனென்றால் நம் மொழியில் உயிருக்கு நடுவே ஒற்றை வல்லினம் மெலியும்; வன்மையாக ஒலிக்க இரட்டிக்க வேண்டும். ‘வந்து’ என்பதற்கான சொல்லும் ‘வெட்டி’ என்பதற்கான சொல்லும் உங்கள் நோட்டில் இரண்டுமே ‘கித்தெ’ என்றுதான் இருக்கும். தேர்வில் ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். நோட்டில் இல்லாத வேறுபாட்டைக் காது எங்கே பிடிக்கும்?

உங்களிடம் தெலுங்கு எழுத்து இருக்கிறதே! க, த, ப வரிசைகளில் முதலாவதும் (‘கல்’லின் க போல) மூன்றாவதும் (‘தங்க’த்தின் க போல) போதும். நோட்டை அதில் மாற்றி எழுதுங்கள், இரண்டு வாரத்துக்கு மட்டும். பிறகு அதையும் விட்டு நேரே ஹிரகானா. (‘போதும்’ என்பதற்குத் தெலுங்கில் பல ஊர்களில் ‘ட்ஸாலு’ என்பார்களே, அந்த ட்ஸ ஜப்பானிய மொழியிலும் உண்டு. தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் அதை ‘சு’ ஆக்கிவிடுவார்கள்.)

சுலபம் என்றவர்கள் பொய் சொல்லவில்லை. வினை கடைசியில் வருகிறது. ‘சாப்பிட்டுப் பார்’, ‘வாங்கி வை’, ‘தின்றுவிட்டேன்’ எல்லாம் அப்படியே அங்கேயும் உண்டு. வேற்றுமை உருபில்தான் இடறும். ‘பஸ்ஸில் ஏறினேன்’ என்றால் ‘நி’, ‘பஸ்ஸில் போனேன்’ என்றால் ‘தெ’, அதுவும் ‘பந்து’வில் வரும் த. நமக்கு இரண்டும் ‘இல்’. போய்ச் சேரும் இடம், இருக்கும் இடம் என்றால் நி. செயல் நடக்கும் இடம், கருவி என்றால் தெ. சென்னையில் வசிப்பதற்கு நி, சென்னையில் வேலை பார்ப்பதற்கு தெ.

காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஆளைக் குறிக்கும் எழுத்து தனியே ‘ஹிதோ’, இந்தியர் என்னும்போது ‘ஜின்’, மூன்று பேர் என்னும்போது ‘நின்’. சொல்லாகப் படித்தால் ஒட்டும்.

கேட்டலுக்கு: ஜேஎல்பிடி தளத்தில் மாதிரித் தேர்வின் ஒலியும் எழுத்தும் இலவசம். தினம் 5 வாக்கியம். கேட்டு, ஹிரகானாவில் எழுதி, அச்சோடு ஒப்பிடுங்கள். தவறை மூன்று நிறத்தில் குறியுங்கள்: கோடு விட்டது, இரட்டிப்பு விட்டது, நெடில் விட்டது. நெடிலில் அதிகம் சறுக்க மாட்டீர்கள், தமிழர் காது அது. ஒரு வாரத்தில் எந்த நிறம் அதிகமோ, அடுத்த வாரம் அந்த ஒன்றில் மட்டும் வேறுபடும் இணைச் சொற்களைத் தெலுங்கு பேசும் நண்பரைப் படிக்கச் சொல்லி, பார்க்காமல் எழுதுங்கள்.